இரண்டாம் நாளில் எடுத்த வேப்பிலை

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். நான் இருபது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்த துணை சுகாதார நிலையத்தில் இப்போது நர்சாக இருப்பவள். அழாத குறை. அவள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலைந்து குழந்தைகளுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். யார் பிள்ளையிடமிருந்து யார் பிள்ளைக்கு வந்தது என்று தாய்மார்கள் செல்போன் குழுவில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருக்கிறார்களாம். ஒருத்தி தன் பையனுக்குக் கொப்புளம் போட்டதை மறைத்து இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பிவிட்டாள் என்று அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

"உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று கேட்டாள்.

சமாளித்தேனாம்! பொறுமையாகப் பேசு, டாக்டரிடம் சொல், பதிவேட்டில் எழுது என்று நாலு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன்.  போனில் சொல்லாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தாராபுரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் வளர்ந்தவள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒன்றரை வருடம் பயிற்சி. ஊசி போடவும், பிரசவம் பார்க்கவும், எதைச் செய்தாலும் பதிவேட்டில் எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். எங்கே வாயைத் திறப்பது, எங்கே மூடுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குப் பிறவியிலேயே வாய் நீளம். என் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

வேலைக்கு வந்த புதிதில் என்னை அவிநாசிபாளையம் பக்கம் போட்டிருந்தார்கள். ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு மணல்வாரி. தட்டம்மையைத்தான் அப்படிச் சொல்வார்கள். வாசலில் கொத்துக் கொத்தாக வேப்பிலை. குழந்தையின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பா நெனைச்சுக்காதீங்க. அம்மா வந்திருக்கறப்ப ஊசி மருந்தோட உள்ள வரப்படாதுங்க" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னால் மீறிக்கொண்டு எப்படி நுழைவது? திரும்பி வந்துவிட்டேன். அம்மை இறங்கியதென்று தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகு போய்ப் பார்த்தால், குழந்தையின் இரண்டு கருவிழியும் பால் படர்ந்து கிடக்கின்றன. என் பையில் இருந்த வைட்டமின் ஏ மருந்தை நேரத்துக்குக் கொடுத்திருந்தால் அநேகமாக அந்தக் கண் பிழைத்திருக்கும். அந்தக் குழந்தை என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தது. அன்றிலிருந்து வேப்பிலையைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அதற்குப் பிறகு எந்த வாசலில் அதைப் பார்த்தாலும் சண்டைதான். "இது கிருமியால வர்ற காய்ச்சல். எந்த அம்மாளும் உங்க ஊட்டுக்கு வரல" என்று தெருவே கேட்கக் கத்துவேன். சிலர் என் மரியாதைக்காக அவிழ்ப்பார்கள். நான் தெரு முனை திரும்பியதும் மறுபடியும் கட்டிக்கொள்வார்கள். எனக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன்.

பிறகு மங்கலம் பக்கம் மாற்றினார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் அங்கே தறிக்குடோன்களை ஒட்டி வரிசை வரிசையாகக் காம்பவுண்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு வரிசைக்கு ஆறு அறை, எதிர் வரிசையில் ஆறு அறை, நடுவில் ஒரே குழாய். விருதுநகர், தேனி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். ஆணும் பெண்ணும் காலை எட்டரைக்குள் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளை யாராவது ஒருத்தி பார்த்துக்கொள்வாள். இல்லாவிட்டால் ஏழு வயது அக்கா இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் காம்பவுண்டுகளில் அம்மை போட்டால் ஒரு வழக்கம் இருந்தது. நிலைப்படியில் வேப்பிலை ஏறிவிட்டால் வெளியாள் யாரும் அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளையும் வெளியே விளையாட வராது. பக்கத்து அறைக்காரிகள் குடத்தை வாங்கித் தண்ணீர் பிடித்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். குழந்தையின் தலைக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றிய பிறகுதான் இலையை எடுப்பார்கள். இலை இல்லையென்றால் அம்மா இறங்கிவிட்டாள், இனிப் பயமில்லை என்று அர்த்தம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். மூடத்தனம் என்ற ஒரே பெயரைப் போட்டு மூட்டை கட்டி வைத்திருந்தேன்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது சின்னவர், தஞ்சாவூர்ப் பக்கம். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. நாங்கள் தவறு செய்தால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு, "அப்படியா சிஸ்டர்?" என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக நான்கு மெமோ வாங்கிவிடலாம். குழந்தையைத் தொடும் முன் கையைக் கழுவுவார். ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் நெஞ்சில் வைப்பார். தடுப்பூசி விஷயத்தில் அப்படியொரு கறார். ஐஸ் வைத்த பெட்டியிலிருந்து தட்டம்மைக் குப்பியை எடுத்துக் கரைத்தால், கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுத வேண்டும். நான்கு மணி நேரம் தாண்டினால் எத்தனை ஊசிக்கு மருந்து மிச்சம் இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். ஒரு தெருவில் ஒரு குழந்தைக்குச் சிவப்புத் தடிப்பு என்று கேள்விப்பட்டாலும் அன்றைக்கே தனக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர் உத்தரவு. சொன்னால் ஜீப்பில் வந்து வீடு வீடாகப் பட்டியல் எடுப்பார்.

அந்த வருடம், வெயில் ஏறத் தொடங்கிய மாசி மாதத்தில், செல்வி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். செல்வி விருதுநகர்ப் பக்கத்துக்காரி. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காவியா என்று நான்கு வயதுப் பெண் ஒன்று. அவள் குடியிருந்த காம்பவுண்டின் வீட்டுக்காரம்மாவுக்குச் சொந்தமான கட்டிடத்தில்தான் எங்கள் துணை சுகாதார நிலையமும் இருந்தது. அந்தம்மா வாடகை வாங்காமல் கொடுத்திருந்தார்.

போனபோது வாசலில் வேப்பிலை தொங்கியது. உள்ளே காவியா பாயில் சுருண்டு கிடந்தாள். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, காதுக்குப் பின்னால் தொடங்கிய தடிப்பு மார்பு வரை இறங்கியிருந்தது. வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, தட்டம்மை. ஒன்பதாம் மாதம் போட வேண்டிய ஊசியைச் செல்வி போடாமல் விட்டிருந்தாள். அப்போது ஊர் மாறி வந்த நேரமாம்.

செல்வியின் பயம் வேறாக இருந்தது. "ஊட்டுக்காரம்மா மத்தியானத்துக்குள்ள ஊருக்குக் கெளம்பச் சொல்லிட்டாக நர்சம்மா. இவளத் தூக்கிட்டு ஏழு மணி நேரம் பஸ்சுல எப்படிப் போவேன்? அங்க எனக்கு யாரு இருக்கா? ஒரு வாரம் போகலைன்னா கம்பெனில வேற ஆளப் போட்டுருவாக" என்று அழுதாள்.

வீட்டுக்காரம்மா கெட்டவர் இல்லை. நான் வரும்போதே வழிமறித்துச் சொன்னார். "ஏனுங்க நர்சம்மா, நானும் பேரம்பேத்தி வெச்சிருக்கறனுங்க. பன்னெண்டு ஊட்லயும் சின்னஞ்சிறுசுக. போயிட்டுத் தண்ணி ஊத்துனதும் வரட்டுங்க, நான் வேண்டாம்னா சொல்றேன்?" அவர் பயமும் நியாயம்தான்.

ஆனால் அந்தக் காய்ச்சலோடு குழந்தையை வெயிலில் பஸ் ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் எத்தனை குழந்தைகளுக்குப் பரவும் என்பதும் தெரியும். அதனால் செல்வி போகக் கூடாது. அவள் இருக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரம்மாவின் பயம் போக வேண்டும். அந்தப் பயமோ வாசலில் தொங்குகிறது. எனக்கு அப்போது அவ்வளவுதான் தோன்றியது.

"அதை எடுத்துடு. வேர்க்குருவப் பாத்துப் பயந்து கட்டிட்டேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிடு" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "தலைக்குத் தண்ணி ஊத்தாம எடுக்கக் கூடாது நர்சம்மா. ரெண்டாம் நாளுதான் ஆகுது. ஆத்தா கோவிச்சுக்கிருவா."

"ஆத்தாவுமில்ல ஒண்ணுமில்ல. பஸ்சுல போயி புள்ளையச் சாகக் குடுக்கறயா?"

 அவள் கொத்தை அவிழ்த்து, தரையில் போட மனமில்லாமல் குழந்தையின் தலைமாட்டில் வைத்தாள். வைட்டமின் ஏ கொடுத்தேன். காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைத் தண்ணீர், எல்லாம் சொன்னேன். "இது ஒட்டுவாரொட்டி. பத்து நாளைக்கு இவளை வெளிய விடாத, யாரையும் உள்ள விடாத, நீயும் லீவு போடு" என்றேன். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னேன். "நான் சொல்லி எடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத கண்ணு. அந்தம்மா கட்டிடத்துலதான் நான் உக்காந்திருக்கேன்." அவள் தலையாட்டினாள்.

வெளியே வந்தால் குழாயடியில் வீட்டுக்காரம்மா நிற்கிறார். பக்கத்தில் பாண்டியம்மா. பாண்டியம்மா செல்விக்கு அடுத்த அறைக்காரி, அவளும் விருதுநகர்ப் பக்கம்தான். அவள் புருஷன் சாயப்பட்டறையில் வேலை. பிரசவத்துக்குத் தாய் வீடு போனவள் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பையும் மூட்டையுமாக வந்து நிற்கிறாள். இடுப்பில் ஏழு மாதப் பையன் தினேஷ், மொழுமொழுவென்று. என் பையின் வாரைப் பிடித்து இழுத்தான்.

"நர்சம்மா, செல்விக்கா ஊட்டுல வேப்பிலை கட்டிருந்துச்சாமே? காவியாவுக்கு அம்மையா? எம்புள்ளைக்கு ஒட்டிக்கிருமா?" என்று கேட்டாள்.

ஒரு தாய் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. வீட்டுக்காரம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி செல்வியின் வாசலைக் காட்டினேன்.

"வேப்பிலையத்தான் எடுத்துட்டாளே, பாக்கலையா?" என்றேன்.

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. இத்தனை வருடம் வேப்பிலையை நம்பாதே என்று கத்திய நானே அதைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். பாண்டியம்மாவின் முகம் தெளிந்தது. வீட்டுக்காரம்மா, "அப்பச் சரிங்க" என்று உள்ளே போனார்.

சாயங்காலம் வந்து பாண்டியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று சத்தியமாக நினைத்தேன். ஆனால் போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு ஆள் போதவில்லை என்று என்னை வேறு ஊர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஜீப்போடு வந்து நிற்பார், என் குட்டு வெளிப்படும். நான்கு நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம், அதற்குள் காவியா தேறிவிடுவாள் என்று தள்ளிப்போட்டேன்.

ஐந்தாம் நாள் போனேன். செல்வியின் அறை பூட்டிக் கிடந்தது. பாண்டியம்மாவின் அறை திறந்திருந்தது. உள்ளே ஒரே சேலை விரிப்பில் காவியாவும் தினேஷும். தோல் உரிந்து கறுத்த முகத்தோடு காவியா பிஸ்கட்டைக் கடித்து, பிட்டு, தம்பி வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஷிப்மெண்டாம் நர்சம்மா, சரக்கு அனுப்பணுமாம். வரலைன்னா வேலை இல்லைன்னு கம்பெனில ஆள் விட்டுட்டாக. செல்விக்கா வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாக. நான்தான், இலையத்தான் எடுத்தாச்சே, சும்மா கொடுங்கக்கான்னு மறுநாளே வாங்கி வச்சிக்கிட்டேன்" என்றாள் பாண்டியம்மா சிரித்துக்கொண்டே.

அங்கிருந்து நேராக டாக்டரிடம் ஓடினேன். காவியாவுக்குத் தட்டம்மை, பக்கத்து அறையில் ஏழு மாதக் குழந்தையோடு இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். "தடிப்பு எத்தனாம் நாள்?" "ஆறாம் நாள் சார்." "கைக்குழந்தை கூட எத்தனை நாளா இருந்தது?" "நாலு நாள் சார்." துடைத்தார், மாட்டினார். இந்த முறை "அப்படியா சிஸ்டர்?" என்று கேட்கவில்லை. "மூணு நாளுக்குள்ள தெரிஞ்சிருந்தா, ஏழு மாசமானாலும் பரவாயில்லைன்னு அந்தக் குழந்தைக்கு ஊசி போட்டிருக்கலாம். இப்ப போட்டுப் பிரயோசனம் இல்லை" என்றார். அவர் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை காம்பவுண்டில் பட்டியல் எடுத்தார். பன்னிரண்டு அறையும் வாசலுக்கு வந்து நின்றன. பெயர், வயது, ஊசி போட்டதா, யாரோடு விளையாடியது, எல்லாம் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். செல்வியின் முறை வந்தது.

"வேப்பிலை கட்டியிருந்தீங்களாம். எப்ப எடுத்தீங்க?"

"ரெண்டாம் நாளு சார்."

"ஏன் அவ்வளவு சீக்கிரம்?"

செல்வி ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். பெட்டியின் வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"ரூமக் காலி பண்ணச் சொல்லிருவாகன்னு பயந்துட்டேன் சார்" என்றாள்.

டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது ஜீப்பில், "அந்த இலை மட்டும் இருந்திருந்தா நாம சொல்லாமலே பக்கத்து வீட்டுக்காரங்க ஒதுங்கியிருப்பாங்க, இல்லையா சிஸ்டர்?" என்றார். தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆமாம் சார் என்றேன்.

தினேஷுக்கு அடுத்த வாரம் காய்ச்சல் கண்டது. தினமும் இரண்டு வேளை போய்ப் பார்த்தேன். பாண்டியம்மா அவனை மடியிலிருந்து இறக்கவே இல்லை. தடிப்பு வந்த மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. விலா உள்ளே இழுத்தது. நானே ஆம்புலன்ஸில் கூட உட்கார்ந்து கோயம்புத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் பாண்டியம்மா, "பொழைச்சுக்கிருவான்ல நர்சம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பிழைத்துக்கொள்வான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நாலாம் நாள் காலையில் போய்விட்டான். நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள்.

காம்பவுண்டு முழுக்க செல்வி மேல் பாய்ந்தது. ஆத்தாவைப் பாதியில் விரட்டியவள், கூலிக்கு ஆசைப்பட்டு அடுத்தவள் பிள்ளையைக் கொன்றவள் என்றார்கள். குழாயில் அவள் குடத்தை எடுத்து எறிந்தார்கள். நான் அங்கேதான் இருந்தேன். வாய் நீளம் என்று பேர் வாங்கிய எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. செல்வி என் பேரை வெளியே விடாமல் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். காவியா மட்டும், "தம்பி எங்க?" என்று கேட்டுக் கேட்டு அடி வாங்கியது. அன்று மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிறகு நான் விசாரித்துப் பார்த்தேன், கம்பெனியிலும் தெரியவில்லை.

ஒரு மாதம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. தூக்கம் கிடையாது. வேலையே போனாலும் போகட்டும், அந்தம்மா கட்டிடத்தைக் காலி செய்யச் சொன்னாலும் சொல்லட்டும் என்று துணிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டியம்மாவிடம் போனேன். அவள் புருஷன் இல்லை. தரையில் உட்கார வைத்து டீ போட அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"பாண்டியம்மா, வேப்பிலைய எடுக்கச் சொன்னது நான்தான்" என்றேன். "அது மணல்வாரின்னு எனக்கு அப்பவே தெரியும். நீ குழாயடியில கேட்டப்போ தெரிஞ்சுதான் மறைச்சேன். செல்வி மேல தப்பில்ல. எம் மேலதான்."

பாண்டியம்மா கொதிக்கிற டீயைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கை இரண்டையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்க மாட்டாளா என்றுகூட இருந்தது.

"அவளக் காப்பாத்தணும்னு இப்படியெல்லாம் சொல்லாதீக நர்சம்மா" என்றாள். "நீங்க என்ன செய்வீக? அவ உங்களையும்தான ஏமாத்துனா. இலைய எடுத்துட்டாளேன்னு நீங்களும்தான நம்பிச் சொன்னீக. எம்புள்ளைக்காக ஆம்புலன்சுல கூட வந்தது நீங்க ஒருத்தர்தான். உங்கள நான் மறப்பேனா?"

"இல்ல பாண்டியம்மா..." என்று ஆரம்பித்தேன். அவள் அதற்குள் அழத் தொடங்கியிருந்தாள். என் தோளில் முகத்தைப் புதைத்து, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

இரண்டாவது தடவை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு டீயை வடிகட்டிக் கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்று சொல்லிக் குடித்துவிட்டு வந்தேன்.